முன்னச்சில் காற்று

என் மாமா லாரியை விட்டு இறங்குகிற விதத்தை வைத்தே அன்றைக்கு அவர் இடுப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். நல்ல நாளாக இருந்தால் இரண்டே படியில் தரைக்கு வந்துவிடுவார். கெட்ட நாளில் இறங்கிய பிறகும் கைப்பிடியை விடமாட்டார். முன் டயரை உற்றுப் பார்த்தபடி அப்படியே நிற்பார். பார்க்கிறவர்களுக்கு, டயர் விஷயத்தில் ரொம்ப அக்கறையான மனுஷன் என்று தோன்றும். நான் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். டயரைப் பார்க்கிறவன் முகம் எது, பல்லைக் கடித்து வலியைப் பொறுக்கிறவன் முகம் எது என்று எனக்குத் தெரியாதா?

அந்த வருஷம் கெட்ட நாள்கள்தான் அதிகம். கிளட்ச் மிதிக்கிற காலில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன. கனரக வண்டி ஓட்டுகிறவர்களை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று எழுதித் தரும் டாக்டர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பின் அடித்தட்டு ஒன்று நசுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். பழைய சான்று முடிய ஆறு வாரம் இருந்தது. அதற்குள் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பினால் கையெழுத்துப் போடுவார். திரும்பாவிட்டால் மாமா இனி லாரியைத் தொட முடியாது. அதோடு, குலுக்கலே கூடாது என்று வேறு சொன்னார். லாரிக்காரனிடம் குலுங்காதே என்பது மீனிடம் நனையாதே என்று சொல்வது மாதிரிதான்.

லாரி இல்லாத மாமா எப்படி இருப்பார் என்பதில் எங்களுக்கு முன்னனுபவம் உண்டு. ஒருமுறை இன்ஜின் வேலைக்காக வண்டி பத்து நாள் என் பட்டறையில் கிடந்தது. மூன்றாம் நாள் அவர் சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். ஐந்தாம் நாள் அக்காவின் தையல் நூல்கண்டுகளை நிறவாரியாகப் பிரித்தார். ஏழாம் நாள் அக்கா எனக்குப் போன் போட்டாள். "இந்த மனுஷன வந்து கூட்டிட்டுப் போ. இல்லன்னா நான் எங்கயாவது கெளம்பிடுவேன்." அப்போது சிரித்தேன். அந்தப் பத்து நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று பிறகுதான் சொன்னாள். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது.

அவர் ஏற்றுவது கண்ணாடி. பெரிய கட்டடங்களின் முகப்புக்குப் போகிற ஆளுயரப் பலகைகள். அவை உடையக்கூடாது என்பதற்காக அந்த லாரியின் பின்பக்கத்தை வாங்கும்போதே காற்றின்மேல் நிற்கிற மாதிரி செய்திருந்தார்கள். அச்சின்மேல் வண்டியைத் தாங்குகிற இரும்புக் கமான் பட்டைகளுக்குப் பதிலாகத் தடித்த ரப்பர்ப் பைகள், அவற்றுக்குள் காற்று. முன்பக்கத்தில் மட்டும் பழையபடி பட்டைகள்தான், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. அந்த அடுக்குக்கு நேர் மேலேதான் மாமாவின் சீட்டு. இத்தனை வருஷத்தில் ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் விழவில்லை; விரிசல் விட்டது மாமாதான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே பட்டறைக்கு வந்த அக்கா, வண்டிக்குக் கீழே குனிந்து முன்னும் பின்னும் பார்த்தாள். அவள் தையற்காரி. எதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

"சரக்குக்கு மெத்தை, மனுஷனுக்குப் பலகையா? முன்னாடியும் காத்து வச்சிடு" என்றாள்.

"அக்கா, அது நீ நினைக்கிற மாதிரி இல்ல. முன்னச்சுல ஸ்டியரிங் இருக்கு. ஒரு நூல் தப்பினாலும் வண்டி சொன்ன பேச்சு கேக்காது."

"நீ மட்டும் கேட்டியா? இருந்தும் உன்ன வச்சுட்டு நாங்க ஓட்டலையா?"

இதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. உண்மையைச் சொன்னால், நான் பயந்தேன். பின்பக்கக் காற்றுப் பை எத்தனையோ மாற்றியிருக்கிறேன். ஆனால் பட்டையில் ஓடும் முன்பக்கத்தை அடியோடு காற்றுக்கு மாற்றியதில்லை. அதுவும் சொந்தக்காரன் வண்டி. ஊரான் வண்டி சரியில்லாவிட்டால் அவன் என்னைத் திட்டிவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவான். மாமா எங்கே போவார்?

ஒரு வாரத்தில் மூன்று பெட்டிகள் வந்து இறங்கின. என்னைக் கேட்காமலேயே அக்கா வரவழைத்துவிட்டாள். உள்ளே இரண்டு காற்றுப் பைகள், புது ஷாக் அப்சார்பர்கள், பட்டை அடுக்குக்குப் பதிலாக அச்சைப் பிடித்து நிறுத்தும் இரண்டு நீளக் கைகள், அவற்றைச் சேஸிஸோடு இணைக்கும் பிராக்கெட்டுகள், குழாய்கள், ஒரு லெவல் வால்வு, ஒரு புத்தகம். சேஸிஸில் வெல்டிங் வைக்காதே என்று புத்தகத்தில் மூன்று பக்கத்தில் மூன்று தடவை தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எதற்கெடுத்தாலும் வெல்டிங் வைக்கிற கை என்னுடையது. எழுதினவனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது என்று பட்டது.

வேலை மூன்று நாள் நடந்தது. மாமாவால் குனிய முடியாது. அதனால் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் அவர் சொன்ன யோசனைகளை எண்ணினேன். பதினேழில் விட்டுவிட்டேன்.

பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டியிருந்த யு-போல்ட்டுகள் துருவேறி நட்டும் மரையும் ஒன்றாகியிருந்தன. அறுத்துத்தான் எடுத்தேன். அடுக்குகளை இறக்கித் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது, டிரைவர் பக்கத்து அடுக்கு மற்றதைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்து படுத்திருந்தது. அதில் இரண்டாம் பட்டை நடுவில் முறிந்துபோயிருந்தது.

"இதுமேலயா மாமா இவ்ளோ நாளும் ஓட்டுனீங்க?"

"நான் எங்க மாப்ள ஓட்டுனேன். அதுவா ஓடுச்சு, நான் கூடப் போனேன்."

பிராக்கெட்டுகள் பழைய துளைகளிலேயே உட்கார்ந்தன. ஒவ்வொரு போல்ட்டையும் புத்தகம் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். ஒன்றைக்கூடக் கைக்கணக்கில் விடவில்லை. எல்லாவற்றையும்விட நான் பயந்தது லெவல் வால்வுக்குத்தான். சேஸிஸில் அது ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகர்ந்து பைகளுக்குக் காற்று விடும். வண்டி தூக்கிக்கொண்டால் காற்றை வெளியே விடும். எவ்வளவு ஏற்றினாலும் வண்டி ஒரே உயரத்தில் நிற்பது அதனால்தான். கம்பியை மாற்றிப் பூட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். நாலு தடவை கழற்றிப் பார்த்து நாலு தடவையும் சரியாகத்தான் பூட்டியிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமா இன்ஜினைக் கிளப்பினார். காற்று ஏறியது. லாரியின் மூக்கு சத்தமில்லாமல் மெல்ல எழுந்து, ஓர் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. முன் பம்பர்மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் கையோடு துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் துப்பட்டா நுனியைக் கொடுத்தாள்.

அடுத்த நாள் மாமா கண்ணாடி ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். இறங்கினார். கைப்பிடியை விடவில்லை.

"எப்படி மாமா?"

"குலுக்கல் சுத்தமா இல்ல மாப்ள. பள்ளத்துல விழுந்தா, விழுந்தோம்ங்கற சேதி மட்டும் வருது, அடி வரல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"வண்டி சாயுதுடா."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கத்துலேர்ந்து உள்பக்கமா. போற வழியெல்லாம் யாரோ என்னை அந்தப் பக்கம் தள்ளிட்டே வர்ற மாதிரி இருக்கு."

ரசமட்டத்தை எடுத்தேன். பம்பரில் வைத்தேன், சேஸிஸில் வைத்தேன், அச்சில் வைத்தேன். இரண்டு பைகளின் உயரத்தையும் அளந்தேன். நகக்கண் அளவு வித்தியாசம்கூட இல்லை. வீல் அலைன்மென்ட்டைப் பக்கத்துப் பட்டறையில் சரிபார்த்தேன். அதிலும் குறையில்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் சாய்கிறது என்றார். ஒரு வாரம் கழித்து இடுப்பு வலி முன்னைவிட அதிகம் என்றார். மரத்துப்போன இரண்டு விரல்களோடு மூன்றாவதும் சேர்ந்துகொண்டது.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. ஆனால் கோபத்துக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

"மாமா, ரசமட்டம் பொய் சொல்லாது."

"உன் ரசமட்டமா வண்டி ஓட்டுது? நான் ஓட்டறேன். என் இடுப்புக்குத் தெரியும்."

"உங்க இடுப்புக்குத் தெரிஞ்ச லட்சணத்தப் பாத்துதான டாக்டர் ஆறு வாரம் கெடு குடுத்துருக்காரு."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் நாங்கள் முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்த நாலு நாளில் ஒரு தப்பான யோசனையும் எனக்கு வந்தது. உள்பக்கப் பைக்கு அடியில் ஒரு தகடு வைத்துத் தூக்கிவிட்டால் அவருக்குச் சரியாக இருக்குமே என்று. தகடைத் தேடி எடுத்து வெட்டியும் வைத்துவிட்டேன். கெடு முடியப் பதினாறு நாள்தான் இருந்தது.

அதை மாட்டலாம் என்று இருந்ததற்கு முந்தின நாள் அக்கா அவரோடு லாரியில் போனாள். கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை ஏறியவள், எலும்பெல்லாம் கழன்றுவிடும் போலிருக்கிறது என்று சொல்லி இறங்கியவள், அதன்பின் ஏறியதே இல்லை. இப்போது போய்விட்டு வந்து நேரே என்னிடம் வந்தாள்.

"வண்டி நேராத்தான் போகுது. என் மடியில டீ வச்சுக் குடிச்சேன், ஒரு சொட்டு சிந்தல."

"அப்பாடா, நீயாவது சொன்னியே."

"ஆனா அவர் கோணலா உக்காந்துருக்காரு. தோள் ரெண்டும் ஒரே உயரத்துல இல்ல. நான் சட்டைக்கு அளவெடுக்கறப்போ இப்படி இல்லையே."

தையற்காரியின் கண் தோளில்தான் போகும். அவள் மாமாவைப் பட்டறைத் தரையில் நேராக நிற்க வைத்தாள். அளவு நாடாவின் இரும்பு முனை கீழே தொங்கும்படி அவர் சட்டைக் காலருக்குப் பின்னால் பிடித்து, நாடாவை ஒட்டியே முதுகில் சுண்ணக்கட்டியால் இடுப்புவரை ஒரு கோடு போட்டாள். பிறகு என் ஸ்டூலில் உட்கார வைத்துத் திரும்ப நாடாவைத் தொங்கவிட்டாள். நாடாவும் கோடும் ஒன்றாக இருந்தன. அடுத்து லாரியில் ஏற்றி, சாய்மானத்தில் படாமல் முன்னால் தள்ளி உட்காரச் சொன்னாள். நாடா நேராகத் தொங்கியது. கோடு அதைவிட்டு விலகி, மூன்று விரல் தள்ளிப் போனது.

"எறங்குங்க மாமா" என்றேன். நாலு நாளுக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினேன். கதவுப் பக்கத்துக் காலுக்குக் கீழே இரண்டு இரும்புத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, சுற்றிலும் வெல்டிங் வைத்து. அந்த வெல்டிங்கை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். என் கையெழுத்து மாதிரி அது. முடிகிற இடத்தில் எப்போதும் ஒரு சின்ன வால் விடுவேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாமா ஒருநாள் சீட்டு கதவுப் பக்கம் சாய்கிறது என்று வந்தார். பட்டை தொய்ந்திருந்தது. சரக்கு ஏற்ற நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினார். அடுத்த தடவை வரும்போது பட்டையை மாற்றிவிடலாம் என்று சொல்லி, அரை மணி நேரத்தில் ஒரு தகடு வைத்துவிட்டேன். சில வருஷம் கழித்து இன்னும் சாய்கிறது என்றார். அடுத்த தகடு. பட்டையை மாற்றுவதாகச் சொன்ன அந்த அடுத்த தடவை வரவேயில்லை. கடைசியில் மூன்று நாள் வேலை செய்து லாரியை நிமிர்த்திவிட்டேன். தகடுகள் மட்டும் இல்லாத சாய்வுக்கு இன்னும் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன.

"நான்தான் மாமா. நான்தான் வச்சேன்" என்றேன்.

அக்கா சீட்டு உறையைத் தடவிக்கொண்டிருந்தவள், அங்கேயே உட்கார்ந்து கத்தரிக்கோலால் ஓரத்தைப் பிரித்தாள். கதவுப் பக்கத்தில் மட்டும் நாலாக மடித்த கம்பளித் துண்டு ஒன்று இருந்தது. அவளே வைத்துத் தைத்தது. "அந்தப் பக்கம் அமுங்குதுன்னு சொன்னீங்களே, அப்போ வச்சேன்" என்றாள்.

மாமா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கால்வைக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பைத் தானே தூக்கிக் காட்டினார். கதவோரம் ஒரு மரச்சட்டம் ஆணியடித்துக் கிடந்தது. "கால் அந்தப் பக்கம் சரியுதேன்னு அடிச்சேன். இது என் வேல" என்றார்.

எங்கள் குடும்பத்துக்கே இது ஒரு வியாதி. கோணலைக் கண்டால் நிமிர்த்தமாட்டோம்; அதற்கு முட்டும் அண்டையும் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். என் கல்யாணப் பேச்சுகூட அப்படித்தான் மூன்று வருஷம் அண்டை கொடுத்தே ஓடியது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமாவால் சிரிக்கவும் முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உன் ரசமட்டம் யோக்கியன்தான் மாப்ள" என்றார்.

"உங்க இடுப்பும் யோக்கியம்தான் மாமா. நான் தகடு வச்ச எடத்துலதான் மட்டத்த வைக்கல."

அன்றைக்கே தகடுகளை அரைத்து எடுத்தேன். மரச்சட்டம் போனது. அக்கா கம்பளித் துண்டை எடுத்துவிட்டு உறையைத் திரும்பத் தைத்தாள். சீட்டின்மேல் ரசமட்டத்தை வைத்தபோது குமிழி நடுவுக்கு வந்தது. மறுநாளே மாமா கண்ணாடி ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் நேராக நடந்தார். ஆனால் விரல்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். வலி குறைந்தது எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் கேட்டது வலியை அல்ல, உணர்ச்சியை.

கெடு முடிந்த நாள் மூன்று பேரும் போனோம். அக்கா உள்ளே வரமாட்டேன் என்று வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே டாக்டர் மாமாவைப் படுக்க வைத்து, காலைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு மேசையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். முதல் விரல். "ம்" என்றார் மாமா. இரண்டாவது. "ம்." மூன்றாவது. "ம்." நாலாவதில் கொஞ்சம் தாமதித்து, "ம், லேசா" என்றார். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. சுண்டுவிரலில் ஊசியை வைத்தார். மாமா பேசாமல் இருந்தார். டாக்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"ஆ" என்று கத்தினார் மாமா. கத்தின கத்தில் டாக்டரே கையை இழுத்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குது சார். நல்லா வலிக்குது." மாமாவின் முகமெல்லாம் சிரிப்பு. "எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு வலிக்குது."

வெளியே பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். சத்தத்தைக் கேட்டு என்ன நினைத்தாளோ, முகம் வெளுத்து, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "என்ன ஆச்சு? ஏன் கத்துனாரு?" என்றாள்.

"சுண்டுவிரல்ல குத்துனாரு. வலிச்சுது" என்றார் மாமா.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டர் அதற்குள் பேனாவைத் திறந்து படிவத்தை இழுத்து, ஒரு வருஷத்துக்கு எழுதுகிறேன், அடுத்த வருஷமும் வந்து காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கேட்கவில்லை. மாமாவின் கால்மாட்டில் வந்து நின்று, இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்னொரு தடவ குத்துங்க" என்றாள். "நான் பாக்கணும்."